தண்டையார்பேட்டை பக்கம் இரண்டரை வயதுக் குழந்தைக்கு டே கேர், ப்ளே ஸ்கூல் எப்படிப் பார்த்துச் சேர்ப்பது?

கேள்வியில் சொல்லியிருப்பது: வீடு தண்டையார்பேட்டை, அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், குழந்தையைக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை விட வேண்டும். நாலைந்து இடம் பார்த்தாயிற்று, எல்லாமே ஒரே மாதிரி தெரிகிறது.

எல்லா இடத்தையும் காலை பத்தரை, பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்திருப்பீர்கள், அதனால்தான் அப்படித் தெரிகிறது. அந்த நேரத்தில் மிஸ் இருப்பார்கள், பாட்டு ஓடும், தரை அப்போதுதான் துடைத்திருக்கும். பெரும்பாலான இடங்களில் ப்ளே ஸ்கூல் பன்னிரண்டரையோடு முடிந்துவிடும், மிஸ் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அதன் பிறகு அதே கட்டடத்தில் நடப்பது டே கேர். பார்த்துக்கொள்வது வேறு ஆட்கள். உங்கள் குழந்தை அங்கே இருக்கப்போகும் ஒன்பது மணி நேரத்தில் ஐந்தரை மணி நேரம் அந்தப் பிற்பகல்தான். ஆகவே ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, மூன்று மணிக்குப் பிள்ளைகள் தூங்கி எழும்போது ஒரு தடவை, ஐந்தரைக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். ‘அந்த நேரத்துல வந்தா பிள்ளைங்க டிஸ்டர்ப் ஆகும்’ என்று சொன்னால் நியாயம்தான். வாசலில் நின்று பார்க்கிறேன் என்று கேளுங்கள். அதற்கும் மறுக்கும் இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

போனதும் தலைகளை எண்ணுங்கள். குழந்தைகள் காப்பகங்களுக்காக மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மூன்று வயதுக்குக் கீழ் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், மூன்றிலிருந்து ஆறு வயது வரை 20 பேருக்கு ஒருவர் என்று வைத்திருக்கிறார்கள். இது கடைசி எல்லை. இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்தாறு பேருக்கு ஒருவர் இருந்தால்தான் நிம்மதி. எண்ணும்போது சமைக்கிறவர், கேட்டில் நிற்கிறவர், போனில் அட்மிஷன் பேசுகிறவர் மூவரையும் கழித்துவிடுங்கள். ஒரு ஆயாம்மா மட்டும் இருந்தால், அவர் ஒரு பிள்ளையைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போகிற ஐந்து நிமிடம் மற்ற பிள்ளைகளுக்கு யாருமே இல்லை. கடிப்பது, தள்ளிவிடுவது, வாயில் எதையாவது போட்டுக்கொள்வது எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில்தான் நடக்கும். எனவே எந்த நேரத்திலும் பெரியவர்கள் இரண்டு பேர் கட்டாயம்.

ஆயாம்மாவிடம் நேரடியாகப் பேசுங்கள். “எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?”, “நீங்க லீவு போட்டா யார் பாத்துப்பாங்க?” என்ற இரண்டு கேள்விகள் போதும். வருஷத்துக்கு மூன்று ஆள் மாறுகிற இடத்தில் சம்பளம் சரியில்லை என்று அர்த்தம். குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் புது முகம். அழுகை திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். பளபளப்பான வகுப்பறையைவிட மூன்று வருஷமாக மாறாத ஒரு ஆயாம்மா பெரிய சொத்து.

பேச்சு மொழியையும் கவனியுங்கள். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கமெல்லாம் வீட்டில் தெலுங்கு, உருது, இந்தி பேசும் குடும்பங்கள் நிறைய. குழந்தை ‘மூச்சா’ என்று சொன்னாலும் அதற்கான வீட்டுச் சொல்லைச் சொன்னாலும் பார்த்துக்கொள்கிறவருக்குப் புரிய வேண்டும். அந்த நாலைந்து சொற்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பாத்ரூம்: உள்தாழ்ப்பாள் பிள்ளையின் கைக்கு எட்டக்கூடாது. தண்ணீர் நிறைந்த பக்கெட், டிரம் தரையில் இருக்கக்கூடாது. இந்த வயதில் தலை கனம் அதிகம், குனிந்து விழுந்தால் தானாக எழ முடியாது, அரை பக்கெட் தண்ணீரே உயிரை வாங்கிவிடும். கழுவிவிடுவதும் டயப்பர் மாற்றுவதும் பெண் ஊழியர் மட்டும்தான் என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஊழியர்கள் எல்லோருக்கும் போலீஸ் சரிபார்ப்பு நடந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். சிசிடிவி இருப்பது நல்லது, ஆனால் கேமராவுக்குத் தெரியாத மூலை எது என்று பாருங்கள். பெரும்பாலும் அது தூங்கும் அறையும் பாத்ரூம் நடையும்தான்.

தூங்கும் அறையில் ஒரு பெரியவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து கதவைச் சாத்திவிட்டு டிவி பார்ப்பது தவறு. ஆளுக்கொரு பாய், பெயர் எழுதிய விரிப்பு இருக்கிறதா? மின்தடை வந்தால் மே மாத வெயிலில் சின்ன அறையில் பத்துப் பிள்ளைகள் வெந்துபோவார்கள். இன்வெர்ட்டர் இருக்கிறதா, அது ஃபேனை எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேளுங்கள்.

கட்டடத்துக்கு நேரம் ஒதுக்குங்கள், வடசென்னையில் இது மிக முக்கியம். இங்கே பல ப்ளே ஸ்கூல்கள் குடியிருந்த வீட்டை மாற்றி நடத்துபவை. அப்படிப்பட்ட வீட்டில் நுழைவாயிலிலேயே சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) இருக்கும், பின்னால் கழிவுநீர்த் தொட்டி. மூடி இரும்பா, காங்கிரீட்டா, பூட்டு இருக்கிறதா, துரு பிடித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு எல்.கே.ஜி. குழந்தை கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் மதுரையில் ஒரு மழலையர் பள்ளியில் நான்கு வயதுக் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது. தொட்டி எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதற்குப் பூட்டு இல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. மெட்ரோ வாட்டர் லாரி வந்து சம்ப்பை நிரப்பும்போது மூடி திறந்திருக்கும், கேட்டும் திறந்திருக்கும். லாரி எத்தனை மணிக்கு வரும், அப்போது பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று கேட்டால் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

முடிந்தவரை தரைத்தளமாகப் பாருங்கள். மாடியில்தான் என்றால் இறங்க இரண்டு தனித்தனி மாடிப்படிகள் இருக்க வேண்டும், பால்கனிக் கம்பியின் இடைவெளியில் குழந்தையின் தலை நுழையக்கூடாது, ஜன்னல் ஓரமாக ஏறி நிற்கும்படி நாற்காலியோ அலமாரியோ இருக்கக்கூடாது. சமையல் நடந்தால் சிலிண்டர் பிள்ளைகள் இருக்கும் அறைக்கும் வாசலுக்கும் நடுவில் இருக்கக்கூடாது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் இறந்தது, சமையற்கூடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவி, மாடியிலிருந்து இறங்கச் சரியான வழி இல்லாமல்தான். தெருவுக்குள் தீயணைப்பு வண்டி நுழையுமா என்பதையும் அங்கேயே நின்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பக்கத்துப் பல சந்துகளில் ஆட்டோவே திணறும்.

காகிதங்கள்: தமிழ்நாட்டில் ப்ளே ஸ்கூல்களுக்கென 2015-ல் தனி விதித்தொகுப்பு வந்தது, கல்வித்துறை அங்கீகாரம் வேண்டும். அதோடு கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று. ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்ததும் திருப்திப்படாமல் தேதியையும் முகவரியையும் படியுங்கள். வேறு கிளையின் சான்றை நகலெடுத்து மாட்டியிருக்கலாம்.

தண்ணீரும் சாப்பாடும். கேன் தண்ணீர் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சீலும் பாருங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் கொதிக்க வைக்க வேண்டும், மழைக்காலத்தில் கழிவுநீர் கலப்பது இங்கே வழக்கமான புகார். வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டில் முழுத் திராட்சை, வேர்க்கடலை, வேகாத சுண்டல் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். அடைத்தால் முதுகில் எப்படித் தட்டுவது என்று அங்கே யாருக்காவது செய்துகாட்டத் தெரியுமா என்று கேளுங்கள். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது. பிள்ளைகள் டே கேரில் இருக்கும் அதே நேரம். பூந்தொட்டித் தட்டு, ஏசி தண்ணீர் வடியும் வாளி, மாடியில் கிடக்கும் உடைந்த பொம்மை எல்லாவற்றிலும் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று ஒரு சுற்று பாருங்கள். காய்ச்சல், மெட்ராஸ் ஐ, கை கால் வாய்க் கொப்புளம் உள்ள பிள்ளையை உள்ளே விடமாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்கிறவர்கள் நல்லவர்கள். நாளைக்கு உங்கள் பிள்ளையைத் திருப்பி அனுப்பும்போது கோபப்படாதீர்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, ஆபீஸ் பக்கத்தில் விடலாமா, வீட்டுப் பக்கத்தில் விடலாமா என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். வீட்டுப் பக்கம்தான் சரி. அவசரத்துக்குப் போய்க் கூட்டிவரப்போவது தாத்தா பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோதான், அவர்கள் நடந்து போகும் தூரமாக இருக்கட்டும். வழியில் ரயில்வே கேட்டோ சுரங்கப்பாதையோ வேண்டாம். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை ஒரு நல்ல மழைக்கே நிரம்பிவிடும். கன்டெய்னர் லாரி வரிசை நிற்கும் சாலைக்கு நேராக வாசல் உள்ள இடமும் வேண்டாம், புகையும் தூசியும் நாள் முழுக்க உள்ளே வரும். எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் பார்க்கிறவர்கள் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அதுவே பகலில் நடந்தால் பிள்ளைகளை எந்த வழியாக, எந்த வண்டியில் வெளியே கொண்டுபோவீர்கள், எல்லாப் பெற்றோர் நம்பரும் காகிதத்தில் சுவரில் இருக்கிறதா?

வேன் வேண்டுமென்றால் டிரைவரைத் தவிர ஒரு உதவியாளர் இருக்க வேண்டும். 2012-ல் வந்த பள்ளி வாகன விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. இறக்கியதும் வண்டிக்குள் கடைசி சீட் வரை பார்த்து எண்ணிக்கை எழுதுகிறார்களா என்பது முக்கியம். இரண்டரை வயதுக்கு ஷேர் ஆட்டோ வேண்டவே வேண்டாம்.

என்ன சொல்லித்தருகிறார்கள் என்பதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இந்த வயதில் ஓட வேண்டும், மண்ணில் விளையாட வேண்டும், கதை கேட்க வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2019-ல் சொன்ன கணக்கு: ஒன்றிலிருந்து நான்கு வயது வரை நாளுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவு, இரண்டு வயதுக்கு மேல் திரை ஒரு மணி நேரத்துக்குள். வீட்டில் பார்ப்பதும் அந்த ஒரு மணி நேரத்தில் சேர்த்திதான். நாலு கோடு நோட்டைக் காட்டி ‘எங்க பிள்ளைங்க ஏ முதல் இசட் வரை எழுதுவாங்க’ என்று பெருமைப்பட்டால் யோசியுங்கள். விரல் எலும்பும் தசையும் இன்னும் பென்சிலுக்குத் தயாராகவில்லை. களிமண் பிசைவதும் மணி கோர்ப்பதும்தான் அதற்குப் பயிற்சி. பிறகு எல்.கே.ஜி.க்குப் பெரிய பள்ளியில் இன்டர்வியூ இருக்குமே என்ற பயம் வேண்டாம். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதிப்பதைத் தடைசெய்கிறது.

பணம் இடிக்கிறது என்றால் அங்கன்வாடியை ஒதுக்கிவிடாதீர்கள். இன்னும் பலர் பால்வாடி என்றுதான் சொல்கிறார்கள். கட்டணம் கிடையாது, மதியம் சாப்பாடு, வாரம் மூன்று முட்டை, ஆட்டம் பாட்டத்தோடு முன்பருவக் கல்வி. மாலை ஆறு வரை இருக்காது என்பதுதான் உங்களுக்குச் சிக்கல். பிற்பகலுக்கு ஆள் இருக்கிறவர்களுக்கு அது நல்ல வழி. இன்னொன்று, உங்கள் இருவரில் யாருடைய நிறுவனத்திலாவது 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், 2017 மகப்பேறு சட்டத் திருத்தம் கொண்டுவந்த விதிப்படி அவர்கள் காப்பக வசதி தர வேண்டும். எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.

சேர்த்த பிறகு முதல் வாரம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் சாப்பாடு வரை, மூன்றாவது வாரம் தூக்கம் வரை என்று நீட்டுங்கள். காலையில் விடும்போது அழுவது இரண்டு மூன்று வாரம் இயல்பு. கூட்டிவரப் போகும்போதும் அழுதுகொண்டே இருந்தால், ஒரு குறிப்பிட்ட ஆளைப் பார்த்து ஒடுங்கினால், டயப்பர் மாற்றவோ குளிப்பாட்டவோ திடீரென்று விடாவிட்டால், வந்ததும் அளவுக்கு மீறித் தூங்கி வழிந்தால் உடனே நிறுத்திவிட்டு விசாரியுங்கள். சந்தேகம் பலமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

கட்டணத்தை வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள், அதிகபட்சம் ஒரு டேர்ம். பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும், ஆறு மணிக்கு மேல் தாமதமானால் மணிக்கு எவ்வளவு, யார் யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்ற மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.