மார்கழிக் குளிர்ல என்ன படிக்கிறீங்க? வாசகர் கேள்வி பதில்

"இந்தக் குளிர்காலத்துல உங்க கையில என்ன புத்தகம்?"னு போன இதழ்ல கேட்டிருந்தோம். அதுக்கு எழுதினவங்கள்ல அம்மா அப்பாக்கள்தான் அதிகம். அதனால இந்தத் தடவை அவங்களுக்கு மட்டும் பதில்.

கேள்வி: பொண்ணு யூகேஜி, பையன் நாலாவது. அரையாண்டு லீவுல பகல் முழுக்க யானைக் கதை, நிலாக் கதைன்னு படப் புத்தகமா படிச்சுக் காட்டுறேன். ரெண்டும் தூங்கினப்புறம் போர்வைக்குள்ள ஒரு காதல் நாவல், நடுவுல எப்பவாச்சும் சரித்திர நாவல். எங்க நாத்தனார் அதைப் பாத்துட்டு "ரெண்டு புள்ளைக்கு அம்மாவாகியும் இன்னும் இதையா படிக்கிறே"ன்னு கேட்டாங்க. அதுலேர்ந்து புத்தகத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னாடிதான் வைக்கிறேன். நான் படிக்கிறது தப்பா? (நாமக்கல் வாசகி)

பதில்: முதல்ல அந்தப் புத்தகத்தை அங்கேர்ந்து எடுத்து ஹால்ல எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி வைங்க சகோதரி. இதுல தப்புன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல.

நம்ம ஊர்ல மார்கழி வந்தா திருப்பாவை, ஒரு நாளைக்கு ஒரு பாட்டுன்னு 30 நாளைக்கு 30 பாட்டு, சின்னப் புள்ளைங்களுக்கு அதுல போட்டிகூட வைக்கிறாங்க. அதை எழுதின அதே ஆண்டாள்தான் நாச்சியார் திருமொழியும் எழுதினா, அதோட முதல் பதிகமே தை மாசம் பொறந்ததும் காமதேவன்கிட்ட போய் என்னை வேங்கடவன்கிட்ட சேத்து வையின்னு நோன்பு இருக்கிறதுதான், மொத்தம் 143 பாட்டு, அதுல இருக்கிற ஏக்கத்தையும் கோவத்தையும் எந்த நாவலும் இன்னும் தாண்டலைன்னுதான் நான் நினைக்கிறேன். மார்கழியில குழந்தைங்களோட ஒண்ணு, தையில தனக்குன்னு ஒண்ணு. நீங்க ஒரே நாள்ல ரெண்டையும் செய்யறீங்க, அவ்வளவுதான்.

இன்னும் பின்னாடி போனாலும் இதே கதைதான். ஐப்பசி கார்த்திகை கூதிர் காலம், மார்கழி தை முன்பனிக் காலம், இந்த ரெண்டையும் தொல்காப்பியம் குறிஞ்சித் திணைக்குத்தான் குடுத்திருக்கு, குறிஞ்சின்னா காதலர் சேர்ற திணை. குளிர்ல காதல் கதை படிக்கணும்னு தோணுறது இந்த மண்ணுல ரொம்பப் பழைய ஆசை, உங்க நாத்தனார்கிட்ட இதைத் தாராளமா சொல்லலாம்.

குழந்தைங்க பக்கமும் ஒண்ணு இருக்கு. அம்மா நமக்கு மட்டும்தான் படிச்சுக் காட்டுறா, அவளுக்குன்னு எதையும் படிக்கிறதில்லன்னு பாத்து வளர்ற புள்ளை, படிப்புங்கிறது சின்ன வயசோட முடிஞ்சு போற வேலைன்னு நினைச்சுக்கும். அம்மா ஒரு புத்தகத்துல மூழ்கி, கூப்பிட்டாக்கூட "இரு கண்ணு, இந்தப் பக்கம் முடிச்சுட்டு வரேன்"னு சொல்றதை அது பாக்கட்டும்.

கேள்வி: என் பையன் தினமும் ராத்திரி ஒரே புத்தகத்தைத்தான் கேக்குறான். நடுவுல ரெண்டு பக்கத்தை விட்டுட்டுப் போயிடலாமா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: விடாதீங்க, உடனே கண்டுபிடிச்சுடுவான். அடுத்து என்ன வரப்போகுதுன்னு தெரிஞ்சு காத்திருக்கிறதுதான் அவனுக்கு சந்தோஷமே, ஒவ்வொரு தடவையும் ஒரு புது வார்த்தை அவன் வாயில ஒட்டிக்கும். உங்களுக்கு அலுப்பா இருந்தா கதையை அவனைச் சொல்லச் சொல்லிட்டு நீங்க படத்தைப் பாருங்க.

கேள்வி: படப் புத்தகம் நல்லாதான் இருக்கு, ஆனா இவ்ளோ காசு குடுத்து வாங்குனா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சு போகுதே? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: ஒரு தடவை படிச்சா அஞ்சு நிமிஷம், ஆனா அதை ஒரு தடவையோட எந்தக் குழந்தை விடுது சொல்லுங்க. இருந்தாலும் காசு விஷயம் நிஜம்தான். அதனால முதல்ல காசில்லாத வழி, பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்னு ஒரு வெப்சைட் 2015லேர்ந்து இருக்கு, அதுல தமிழ்ப் படக்கதைகளை ஃப்ரீயா படிக்கலாம், டவுன்லோடும் பண்ணிக்கலாம், போன்லயே போதும். குறைஞ்ச விலைன்னா நேஷனல் புக் டிரஸ்ட் குழந்தைப் புத்தகங்கள். கவர்மெண்ட் ஸ்கூல்ல படிக்கிற புள்ளைன்னா வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறன்னு படிப்படியா குட்டிக் குட்டி புத்தகங்கள் போட்டிருக்காங்க, ஸ்கூல்ல கேளுங்க. 1996ல சென்னையில ஆரம்பிச்ச தூலிகா பதிப்பகம் தமிழும் இங்கிலீஷும் ஒரே பக்கத்துல வர்ற மாதிரி போடுறாங்க, வீட்ல ஒருத்தருக்கு தமிழ் வாசிக்க வரலைன்னா இது ரொம்ப வசதி.

காசு சேர்த்து ஒண்ணே ஒண்ணு உங்களுக்குன்னு வாங்குறதா இருந்தா தாரா புக்ஸ் கையால அச்சடிக்கிற புத்தகங்கள்ல ஒண்ணை வாங்குங்க. கோண்டு பழங்குடி ஓவியர்கள் வரைஞ்ச மரங்களோட புத்தகம் ஒண்ணு இருக்கு, கையால செஞ்ச கறுப்புத் தாள்ல சில்க் ஸ்க்ரீன்ல அச்சடிச்சது, 2008ல இத்தாலியில குழந்தைப் புத்தகங்களுக்குக் குடுக்கிற பொலோனியா பரிசு வாங்குச்சு. அந்தத் தாளைத் தொட்டுப் பாத்தா படப் புத்தகம் குழந்தைங்களுக்கு மட்டும்னு அப்புறம் யாரும் சொல்ல மாட்டாங்க.

கேள்வி: இஞ்ச வெளியில சரியான ஸ்நோ. மகளுக்கு அஞ்சு வயசு, வேலை முடிஞ்சு வந்து அவளுக்கு வாசிச்சுக் காட்டுவன். அவள் படுத்த பிறகு நான் ரமணிசந்திரன்ர காதல் நாவல் வாசிக்கிறனான், ஊரில அம்மா வாசிச்ச கதையள். கூட வேலை செய்யிற ஆக்கள் சிரிக்கினம். மகளுக்கு ஸ்நோ பற்றி நல்ல புத்தகம் ஒண்டு சொல்லுங்கோ. (டொரண்டோ வாசகர்)

பதில்: மகளுக்கு எஸ்ரா ஜாக் கீட்ஸோட 'தி ஸ்நோவி டே' எடுத்துக் குடுங்க அண்ணா. 1962ல வந்தது. சிவப்பு ட்ரெஸ் போட்ட பீட்டர்னு ஒரு குட்டிப் பையன் பனியில கால்தடம் பதிச்சு நடக்கிறான், ஒரு பனிப்பந்தை உருட்டி நாளைக்கு வேணும்னு பாக்கெட்ல போட்டுக்கிறான், வீட்டுக்கு வந்து பாத்தா பாக்கெட் காலி. கதை அவ்வளவுதான். கறுப்பினப் பையன் நாயகனா வர்ற படப் புத்தகம் அந்தக் காலத்துல அபூர்வம், அடுத்த வருஷமே அமெரிக்காவோட பெரிய படப்புத்தகப் பரிசான கால்டெகாட் கிடைச்சுது. நியூயார்க் பொது நூலகம் 2020ல தன்னோட 125 வருஷக் கணக்கை எடுத்தப்போ அதிகமா இரவல் போன புத்தகம் இதுதான், 4,85,583 தடவை. எல்லாத் தலைமுறையும் கேக்குற புத்தகம், உங்க பொண்ணும் கேப்பா. உங்க ஊர் பொது நூலகத்துலயே தமிழ்ப் புத்தகமும் இருக்கு, ஒரே நடையில ரெண்டு பேருக்கும் எடுத்துட்டு வந்துடலாம்.

சிரிக்கிறவங்களுக்கும் ஒரு பதில் வச்சுக்கோங்க. குறுந்தொகையை எடுத்துப் பாருங்க, கடவுள் வாழ்த்து போக 401 பாட்டு, எல்லாமே காதல். தலைவன் இன்னும் வரலையேன்னு தலைவி தவிக்கிற பாட்டுல எத்தனையோ ஆம்பளைப் புலவர்கள் எழுதினது, கபிலர் உட்பட. ஒரு பொண்ணோட மனசுக்குள்ள போய் நின்னு எழுத அவங்க கூச்சப்படலையே, படிக்க நீங்க ஏன் கூச்சப்படணும்? அதுவும் அம்மா படிச்ச கதையை அவ்ளோ தூரத்துல, அந்தக் குளிர்ல உக்காந்து படிக்கிறது எவ்ளோ பெரிய ஆறுதல்னு எனக்குப் புரியுது. தொடர்ந்து படிங்க.

கேள்வி: எட்டாவது படிக்கிற என் பொண்ணு நான் படிக்கிற காதல் நாவலை எடுத்துப் படிக்க ஆரம்பிச்சுட்டா. பீரோவுல வச்சுப் பூட்டிடலாமா? (மதுரை வாசகி)

பதில்: பூட்டாதீங்க, பூட்டுனா போன்ல வேற ஏதாவது படிப்பா, அது என்னன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது. உங்க அலமாரியில இருக்கிறதுல எது அவ வயசுக்கு சரி, எது இன்னும் நாலஞ்சு வருஷம் போகணும்னு நீங்களே பிரிச்சு, காரணத்தையும் அவகிட்ட சொல்லிடுங்க.

அதைவிட எனக்குக் கவலையான விஷயம் வேற. பழைய குடும்பக் காதல் நாவல்கள் சிலதுல நாயகன் கத்துறான், சந்தேகப்படுறான், கையைப் பிடிச்சு இழுக்கிறான், ஏன் அறையக்கூட செய்யறான், கடைசியில அதெல்லாம் அன்புன்னு முடிஞ்சிடும். நாம கல்யாணம் ஆகி வாழ்க்கை பாத்தவங்க, அதைத் தள்ளி வச்சுட்டுக் கதையை ரசிப்போம், பதிமூணு வயசுப் புள்ளைக்கு அப்படித் தள்ளி வைக்கத் தெரியாது. அதனால அவ படிக்கிறதை நீங்களும் படிங்க, சமைக்கும்போது பேச்சுவாக்குல "அவன் அப்படிக் கத்துனப்போ அவ ஏன் வாயே திறக்கலை, நீயா இருந்தா என்ன சொல்லியிருப்பே?"ன்னு கேளுங்க. கேட்டுட்டு அவ பேசுற வரைக்கும் சும்மா இருங்க, நடுவுல அட்வைஸ் பண்ணிடாதீங்க. காதலைப் பத்தி அம்மாகிட்ட பேசலாம்னு அவளுக்கு ஒரு கதை வழியா தெரிஞ்சா, நாளைக்கு நிஜமாவே ஒண்ணு வந்தாலும் உங்ககிட்ட வருவா. எனக்கு இதுல துளியும் சந்தேகம் இல்ல.

கேள்வி: சென்னை புத்தகக் கண்காட்சிக்கு குழந்தையோட போறோம். கையில ஆயிரம் ரூபாதான். எப்படி வாங்குறது? (செங்கல்பட்டு வாசகி)

பதில்: 1977லேர்ந்து நடக்குற கண்காட்சி, பொங்கலை ஒட்டித்தான் வரும், லீவு நாள்ல கூட்டம் தாங்காது, முடிஞ்சா வேலை நாள்ல போங்க. பத்து பர்சென்ட் தள்ளுபடி உண்டு. குழந்தைக்கு ஒரு புத்தகத்தை அவளே எடுக்கட்டும், அட்டை பளபளன்னு இருக்கு, உள்ள ஒண்ணுமில்லன்னு உங்களுக்குத் தோணினாலும் பரவாயில்ல. இன்னொண்ணு நீங்க தேர்ந்தெடுங்க. மூணாவது உங்களோடது, நாவலோ கவிதையோ சமையலோ. பில் போடும்போது காசு இடிச்சா அம்மாங்க எல்லாரும் தன்னோடதைத்தான் திருப்பி வைப்பாங்க. இந்தத் தடவை அப்படி வேண்டாம், உங்களோடதுக்கு முதல்ல பில் போடுங்க.