17 வயதில் பின்னோக்கிப் போகிறானா?

அம்மா, ஆட்டிசம் உள்ள உங்கள் 17 வயதுப் பையனைப் பற்றி, "சின்ன வயதில் இவ்வளவு மோசமில்லை, இப்போது பின்னோக்கிப் போகிறானோ" என்று கேட்டிருந்தீர்கள், அடுத்து எந்தக் கோர்ஸில் சேர்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். பேச்சோ தெரிந்த வேலையோ உண்மையிலேயே கைவிட்டுப் போனால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும், அது வேறு விஷயம். நீங்கள் எழுதியிருப்பது அப்படித் தெரியவில்லை. எட்டாம் வகுப்பு வரை நீங்களும் டீச்சரும்தான் அவனுக்குப் பதிலாக எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தீர்கள், இப்போது அத்தனையும் ஒரேயடியாக அவன் தலையில் விழுந்திருக்கிறது. அவனும் வளர்ந்துதான் இருக்கிறான், எதிர்பார்ப்பு அதைவிட வேகமாக வளர்ந்துவிட்டது.

கைபோன போக்கில் செய்யாமல் நிறுத்திக்கொள்வது, திட்டம் மாறினால் தானும் மாறுவது, அடுத்து என்ன என்று மனதில் வைத்திருப்பது, இதையெல்லாம் சேர்த்துத்தான் காக்னிட்டிவ் கன்ட்ரோல் என்கிறார்கள். இதற்கு முக்கியமான, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி யாருக்குமே இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் வயதோடு இது கூடும், ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேகம், சிலருக்கு இடைவெளி கடைசிவரை இருக்கும். இந்தத் திறனைப் பார்க்க வைத்த டெஸ்டில் நார்மல் என்று வந்ததே என்கிறீர்கள். அமைதியான அறையில், ஒருவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்கும்போது நன்றாகச் செய்கிற பிள்ளை வீட்டில் திணறுவது சகஜம்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். "இப்போ கிளம்பு" என்றால் கிளம்பிவிடுகிறான், "4 மணிக்குக் கிளம்பணும்" என்று 3 மணிக்கே சொன்னால் 4 மணிக்கு ஒற்றைச் செருப்போடு நிற்கிறான், இல்லையா? டாட் பிரேவர் என்ற ஆராய்ச்சியாளர் இதை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்: முன்கூட்டியே மனதைத் தயாராக வைத்திருப்பது, நேரம் வந்ததும் சமாளிப்பது. பிள்ளைகள் வளர வளர முதலாவது வழக்கமாகக் கூடும். ஆட்டிசம் உள்ள பலருக்கு அது தாமதமாகப் பிடிபடுகிறது, அதுவரை இரண்டாவதை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள்.

அதனால் கோர்ஸ் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அந்த வேலை ஒருவர் கைக்கு எப்படி வந்து சேருகிறது என்று பாருங்கள். ஒரே கணக்கு வேலைதான், ஓரிடத்தில் எழுத்தில் ஒவ்வொன்றாக வரும், இன்னோரிடத்தில் மேலாளர் நடந்துகொண்டே நாலு விஷயம் சொல்லிவிட்டு மதியம் அதில் இரண்டை மாற்றுவார். முதல் இடத்தில் உங்கள் பையன் அசத்துவான். (ஆட்டிசம் என்றாலே கம்ப்யூட்டர்தான் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்; அவனுக்குப் பிடித்திருந்தால் சரி.) செமஸ்டருக்குப் பாடம் குறைத்து எடுக்க வழியிருந்தால் எடுங்கள், ஒரு வருடம் தள்ளிச் சேர்ந்தாலும் குடி முழுகிவிடாது. சேர்வதற்கு முன் அந்த வேலையை இரண்டு வாரமாவது நேரில் செய்து பார்க்கட்டும். நீங்கள் நினைவூட்டுவதை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். முதலில் பை மட்டும் அவன் பொறுப்பு, வாசல் கதவில் ஒட்டிய சீட்டைப் பார்த்து அவனே எடுத்து வைக்கட்டும், அது பழகின பிறகு அடுத்தது.

அடுத்த முறை அவனையும் கூட்டி வாருங்கள், என்ன கேட்கப்போகிறேன் என்பதை முந்தின நாளே எழுதி அனுப்பிவிடுகிறேன்.