எலும்பும் ஓடும் கிடைத்தால் ஒரு பழைய உயிரைப் பற்றி எவ்வளவு சொல்ல முடியும்? எங்கள் கிருஷ்ணகிரி குவாரிகளில் தேடினால் புதைபடிவம் கிடைக்குமா?

நீங்கள் கேட்ட இந்த இரண்டில் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது.

எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். அப்பா கிரானைட் குவாரியில் வேலை செய்தார். நான் ஏழாவது படிக்கும்போது ஒரு நாள் உடைந்த கல் துண்டு ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். பிளந்த பக்கத்தில் கறுப்பு மையால் வரைந்ததுபோல ஒரு செடி. கிளை, அதிலிருந்து சிறு கிளை, நுனி வரை அவ்வளவு நேர்த்தி. பார்த்தவர்கள் எல்லாரும் கோடி வருடத்துக்கு முந்தைய இலை என்றார்கள். கல்லூரியில் நிலவியல் சேர்ந்த முதல் மாதமே அதைக் கொண்டுபோய் ஆசிரியரிடம் நீட்டினேன். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "இலை என்றால் நரம்பு எங்கேப்பா?" என்று கேட்டார். நரம்பு இல்லை. கல்லின் விரிசலுக்குள் கசிந்த தண்ணீர் விட்டுப்போன மாங்கனீசு ஆக்சைடுதான் அப்படிக் கிளை விட்டுப் படர்ந்திருக்கிறது. அன்று வீடு திரும்பியபோது அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் கவலையாக இருந்தது.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அப்போது உலகத்தில் இருந்தவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டும்தான். போதாததற்கு, நம் பாறைகளில் பெரும்பாலானவை பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே வெந்து இறுகியவை. புதைபடிவத்துக்கு வேண்டியது சேறு, மணல், சுண்ணாம்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த பாறை. ஆகவே நம் குவாரிகளில் எலும்பு, ஓடு, இலை எதுவும் கிடைக்காது. இன்னொன்று, கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வை இதோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. அது மனிதர் விட்டுப்போன இரும்பையும் பானையையும் படிக்கும் தொல்லியல். நீங்கள் கேட்பது பழைய உயிர்களின் எச்சத்தைப் படிக்கும் தொல்லுயிரியல்.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். நம் பக்கம் வயல்காட்டில் நிற்கும் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். புலியோடு மோதிச் செத்தவன், மாடு மீட்கப் போய்ச் செத்தவன் என்று அந்த ஆளின் கடைசி நாளையே கல் சொல்லிவிடும். புதைபடிவமும் அப்படிச் சொல்லும் என்பதுதான் என் பதில். உருவத்தை மட்டுமல்ல, என்ன தின்றது, எப்படி நடந்தது, எதன் பக்கத்தில் வாழ்ந்தது என்பதையும் சொல்லும். ஆனால் நடுகல்லை யாரோ நமக்காகச் செதுக்கி வைத்தார்கள். இங்கே அப்படி யாரும் இல்லாததால் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சாணம். மகாராஷ்டிரத்தில் பிஸ்துரா என்ற ஊரில் டைனோசர் காலத்துச் சாணம் கல்லாகிக் கிடக்கிறது. அதைக் கரைத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் 2005-ல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள்: உள்ளே புல்லின் சிலிக்காத் துகள்கள் இருந்தன. ராகி அறுக்கும்போது தாள் கையைக் கிழிக்கிறதே, அதற்கு ஒரு காரணம் இந்தச் சிலிக்காதான். மாட்டின் வயிற்றிலும் செரிக்காது, சாணத்தோடு அப்படியே வெளியே வந்துவிடும். அதுவரை டைனோசர்கள் அழிந்த பிறகுதான் புல் பல வகையாகப் பெருகியது என்று நினைத்திருந்தார்கள். நெடுங்கழுத்து டைனோசர்கள் புல் மேய்ந்தன என்பதை ஒரு சாண உருண்டை காட்டிக்கொடுத்துவிட்டது. அப்புறம் 2011-ல் அதே மாதிரிச் சாணத்தில் நெல்லுக்கு நெருங்கிய உறவான புற்களின் துகள்களும் இருப்பதாகச் சொன்னார்கள். இதைப் படித்த அன்று எங்கள் வீட்டு எருக்குழியை வேறு கண்ணோடு பார்த்தேன்.

நடத்தை கூடச் சில நேரம் கல்லில் அகப்படும். குஜராத்தில் தோலி துங்ரி என்ற இடத்தில் நிலவியலாளர் தனஞ்சய் மொஹபே எடுத்த ஒரு கல்லில் டைனோசர் முட்டைகளும் சிறு எலும்புகளும் இருந்தன. எல்லாமே குஞ்சின் எலும்பு என்றுதான் முதலில் எண்ணினார்கள். பல வருடம் கழித்து மறுபடி பார்த்தபோது, அதில் ஒரு பகுதி பாம்பின் முதுகெலும்பு! சுமார் 3.5 மீட்டர் நீளமுள்ள பாம்பு, உடைந்த முட்டையைச் சுற்றிச் சுருண்டபடி, பக்கத்தில் அப்போதுதான் பொரிந்த குஞ்சு. மூன்றையும் ஒரே நொடியில் சேறு மூடியிருக்கிறது. தாடை அமைப்பை வைத்து, இன்றைய மலைப்பாம்பு போல அதனால் வாயை அகலமாகத் திறக்க முடியாது, முட்டையை விழுங்கியிருக்காது, குஞ்சைத்தான் குறிவைத்திருக்கும் என்கிறார்கள். 2010-ல் அதற்கு சனாஜே இண்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள்.

தமிழ்நாட்டுக்குள் என்றால் அரியலூர், பெரம்பலூர்தான். கல்லூரியிலிருந்து காரை என்ற ஊருக்குப் போனோம். செம்மண் ஓடைகளுக்குள் பெலம்னைட் என்ற கணவாய் இனத்து உயிரின் உட்கூடு, தோட்டா போலச் சிதறிக் கிடந்தது. அதன் சுண்ணாம்பில் இருக்கும் ஆக்சிஜனில் எடை கூடியதும் குறைந்ததுமாக இரண்டு வகை உண்டு. தண்ணீர் குளிர்ந்தால் கூடிய வகை அதிகம் சேரும். அந்த விகிதத்தை அளந்து, அந்த உயிர் நீந்திய கடலின் வெப்பத்தைக் கணக்கிடுகிறார்கள்.

அங்கிருந்து பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர். 18 மீட்டர் நீளக் கல்மரம், 1940-ல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. ஊசியிலை இனத்து மரம். அது கிடப்பதோ கடல் படிவில். நிலத்தில் வளர்ந்த மரம் கடல் படிவுக்குள் எப்படி வந்தது? ஆறு அடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும், கரை பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். இதை மரம் தனியாகச் சொல்லாது, கிடந்த இடம்தான் சொல்கிறது. இடத்தைக் குறிக்காமல் பெயர்த்துக் கொண்டுவந்த புதைபடிவம் எனக்குப் பாதி ஊமையாகத்தான் தெரிகிறது.

எல்லாம் தெரிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த டைனோசர் எலும்புகளுக்கு 1980-களில் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழ் எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்றார்கள், பிறகு நெடுங்கழுத்துச் சைவ இனம் என்று திருத்தினார்கள். உலகத்திலேயே பெரிய நில விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன. மிஞ்சியது படங்களும் எழுதி வைத்த அளவுகளும்தான், அதனால் இன்றும் வாதம் ஓயவில்லை. அந்த எலும்புகளை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறுவதில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து நீங்கள் கிளம்பினால் முதலில் அரியலூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பாருங்கள். எது ஓடு, எது வெறும் கல் என்று கண் பழகும். பிறகு காரைக்குப் போங்கள், காலை வெயில் ஏறுமுன். எதையாவது கண்டால் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கல்லை அங்கேயே விட்டுவிடுங்கள்.