பயிற்சி நிதியைப் போட்டிக்கு விட்டால் பட்டறைகளுக்கு என்ன நேரும்?

அரசாங்கம் தனது தொழிற்பயிற்சி நிலையங்களுக்குக் கொடுத்துவரும் பணத்தை மாணவரின் பெயரில் ஒதுக்கிவிட்டு, அரச நிலையமாயினும் தனியார் நிறுவனமாயினும் அவர் விரும்பிய இடத்தில் சேரவிட்டால் இலங்கையில் தொழிற்கல்வியின் தரம் உயராதா, அவுஸ்திரேலியா அப்படித்தானே செய்தது என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில் நீண்ட காலமாக வெல்டிங் கற்பித்துவருபவன் என்ற முறையில் என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுவனங்கள் எதற்காகப் போட்டியிடுகின்றன என்பதைப் பொறுத்தே அந்தப் போட்டியால் நன்மையோ தீமையோ விளையும். மாணவரைச் சேர்த்தவுடன் பணம் கிடைக்குமானால் அவை மாணவரைச் சேர்ப்பதற்காகவே போட்டியிடும்; அவருக்குத் தொழில் கைவந்ததா என்பதைப் பற்றி அவற்றுக்குக் கவலை இராது. அவுஸ்திரேலியாவில் நடந்ததும் இதுதான். அங்கே நடந்ததை விவரமாகச் சொன்னால்தான் நம் ஊர் நிலைமையையும் விளக்க முடியும்.

அந்த நாட்டில் தொழிற்கல்வியின் முதுகெலும்பாக நெடுங்காலம் இருந்தவை மாநில அரசுகளின் டேஃப் என்ற தொழில்நுட்பக் கல்லூரிகள். அவை மெதுவாக இயங்குகின்றன, தொழிற்சாலைகள் கேட்கும் திறன்களைக் காலத்துக்கேற்பக் கற்பிப்பதில்லை, போட்டி வந்தால் விழித்துக்கொள்ளும் என்று பலர் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. முதலில் துணிந்து இறங்கியது விக்டோரியா மாநிலம். 2009 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் டிப்ளோமா நிலையில் தொடங்கி, 2011 இல் எல்லா நிலைகளுக்கும் விரிவாக்கி, தகுதியுள்ள எவரும் எந்தப் பதிவுபெற்ற நிறுவனத்தில் சேர்ந்தாலும் அரசு மானியம் தரும் என்று அது அறிவித்தது. இடங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்கப்படவில்லை. மானியம் கற்பித்த மணித்தியாலங்களின் கணக்கில் வழங்கப்பட்டது.

விளைவு வேகமாகவே தெரிந்தது. செலவு குறைந்த, விரைவில் முடியக்கூடிய, இளைஞர்களைக் கவரக்கூடிய கற்கைநெறிகளில் சேர்க்கை பெருகியது. உடற்பயிற்சிக் கூடப் பயிற்றுநராவதற்கான சான்றிதழ் இதற்குப் பேர்போன உதாரணம். அத்தனை பேருக்கு வேலை கொடுக்கும் அளவுக்கு உடற்பயிற்சிக் கூடங்கள் அந்த மாநிலத்தில் இருக்கவில்லை. ஒதுக்கிய பணத்தை விடப் பல நூறு மில்லியன் டொலர் கூடுதலாகச் செலவாகிவிட்டதைக் கண்ட அரசு, 2012 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அத்தகைய நெறிகளுக்கான மானியத்தை மணித்தியாலத்துக்கு 1.50 டொலர் என்ற அளவுக்கு வெட்டியது. அதே வேளையில், நூலகம், மாணவர் ஆலோசனை, கிராமப்புற வளாகங்கள் ஆகியவற்றைத் தாங்கிக்கொள்வதற்காக டேஃப் கல்லூரிகளுக்குக் கிடைத்துவந்த மேலதிக நிதியையும் நிறுத்தியது. அந்தக் கல்லூரிகள் இழந்த தொகை ஏறத்தாழ 300 மில்லியன் டொலர். பணத்தை வீணாக்கியவர் ஒருவர், தண்டனை பெற்றவர் இன்னொருவர். இந்த வரலாற்றில் எனக்கு இன்றும் மனம் ஆறாத பகுதி இதுதான்.

மத்திய அரசின் கடன் திட்டம் இதைவிடப் பெரிய சேதத்தை விளைவித்தது. வெட் ஃபீ ஹெல்ப் என்ற பெயருடைய அந்தத் திட்டத்தில் டிப்ளோமாக் கட்டணத்தை அரசு நேரடியாக நிறுவனத்துக்குச் செலுத்திவிடும். மாணவரின் வருமானம் குறித்த எல்லையைத் தாண்டிய பின்னரே அது அவரிடமிருந்து அறவிடப்படும். 2009 இல் ஏறத்தாழ 5,000 பேர் அதைப் பயன்படுத்தினார்கள். 2012 இல் விதிகள் தளர்த்தப்பட்டன. 2015 ஆம் ஆண்டில் மாணவர் தொகை ஏறத்தாழ 2,72,000 ஆகவும், அந்த ஓராண்டின் கடன்தொகை ஏறத்தாழ 2.9 பில்லியன் டொலராகவும் உயர்ந்துவிட்டன. தரகர்கள் அரச குடியிருப்புகளிலும் பழங்குடி மக்களின் ஊர்களிலும் வீடு வீடாகச் சென்று, இலவச மடிக்கணினி தருவதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். எழுத்தறிவு குறைந்தவர்களும், இணையவசதி இல்லாதவர்களும் இணையவழி டிப்ளோமாவில் சேர்க்கப்பட்டார்கள். படிப்பை முடித்தவர்கள் மிகச் சிலர். ஆனால் கடன் எல்லோருடைய பெயரிலும் நின்றது, பணம் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்திருந்தது.

2015 ஏப்ரலில் மடிக்கணினி போன்ற பரிசுகளைக் கொடுத்துச் சேர்ப்பது தடைசெய்யப்பட்டது. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பல கல்லூரிகளை நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2016 இறுதியில் திட்டமே மூடப்பட்டது. 2017 ஜனவரியில் அதன் இடத்துக்கு வந்த புதிய கடன் திட்டம், கற்கைநெறிக்கு ஏற்ப 5,000, 10,000, 15,000 டொலர் என்று கடனுக்கு உச்சவரம்பு விதித்தது. தரகர்களைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. வேலைவாய்ப்புள்ள நெறிகளின் பட்டியலுக்குள் மட்டுமே கடன் என்று வரையறுத்தது. ஏமாற்றப்பட்டவர்களின் கடனை நீக்குவதற்கான தனி ஏற்பாடு 2019 இல் நடைமுறைக்கு வந்தது. 2023 முதல் டேஃப் கல்லூரிகளில் கட்டணமில்லாத இடங்களுக்கு மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து பணம் கொடுக்கின்றன. முதலாண்டுக்குத் திட்டமிட்ட இடங்கள் 1,80,000. போட்டியை முழுமையாக நம்பிய நாடு, ஏறத்தாழ 15 ஆண்டுகளில், அரச கல்லூரியை மீண்டும் நடுவில் வைக்கிறது. இங்கிலாந்தும் 2000 செப்டம்பரில் தனிநபர் கற்றல் கணக்கு என்று இதே எண்ணத்தில் ஒன்றைத் தொடங்கி, மோசடி பெருகியதால் 2001 நவம்பரில் இழுத்து மூடியது. அவுஸ்திரேலியா அந்த அனுபவத்தைப் படித்திருக்கலாம்.

நல்ல நிறுவனங்கள் மோசமானவற்றை ஏன் வெல்லவில்லை என்று நீங்கள் கேட்கக்கூடும். அதற்கான விடை பட்டறையின் செலவுக் கணக்கில் இருக்கிறது. வெல்டிங் பழகும் ஒரு பிள்ளைக்கு இரும்புத் தகடு, எலெக்ட்ரோட் என்ற உருகி ஒட்டும் கம்பி, வாயு, மின்சாரம், முகக்கவசம், கையுறை எல்லாம் வேண்டும். பழகுவதற்காக எரிக்கும் எலெக்ட்ரோட் திரும்பி வராது. நேராக நிற்கும் தகட்டில் கீழிருந்து மேலாகச் சீரான ஒட்டுப் போட ஒருவருக்குக் கை படியும் வரை தகடுகளும் எலெக்ட்ரோட்களும் கரைந்துகொண்டே இருக்கும். பதினைந்து பேருக்கு மேல் ஒரு பயிற்றுநரிடம் விட்டால் ஒருவருடைய கையையும் சரியாகக் கவனிக்க முடியாது, விபத்துக்கும் இடமுண்டு. அலுவலக முகாமைத்துவம் என்றொரு சான்றிதழுக்கோ ஒரு மண்டபமும் நாற்பது கதிரைகளும் ஒரு விரிவுரையாளரும் போதும். இரண்டுக்கும் தலைக்கு இவ்வளவு என்று ஒரே விதமாகவோ கிட்டத்தட்ட ஒரே விதமாகவோ பணம் கொடுத்தால், நேர்மையான முதலாளியும் மண்டபத்தைத்தான் தேர்ந்தெடுப்பார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்; விலையை வகுத்த அரசைத்தான் சொல்வேன். இன்னொரு சிக்கலும் உண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளையும் அவருடைய பெற்றோரும் ஒரு பயிற்சியின் தரத்தைச் சேர்வதற்கு முன் அறிய வழியில்லை. அது நல்லதா கெட்டதா என்பது வேலைத்தளத்தில் முதல் ஒட்டு உடையும்போதுதான் தெரியும். அதுவரை அவர்களுக்குத் தெரிவதெல்லாம் விளம்பரப் பலகையும், குளிரூட்டிய அறையும், வெளிநாட்டு வேலை என்ற வாக்குறுதியுமே.

இனித் திருகோணமலைக்கு வருகிறேன். துறைமுகம், பிரிமா மாவாலை, டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை, எண்ணெய்க் குதங்கள், புல்மோட்டைக் கனிய மணல், நிலாவெளி உப்புவெளி ஹோட்டல்கள், மீன்பிடிப் படகுகளின் இயந்திரங்கள் என்று தொழில் தெரிந்த கைகளுக்கு இங்கே தேவை இருக்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட தொழிலில், ஓர் ஆண்டில், இந்த மாவட்டம் கேட்பது சில பத்துப் பேரைத்தான். ஏற்கெனவே ஒரு வெல்டிங் பட்டறை இருக்கும் ஊரில் இரண்டாவதை நிறுவ எந்த முதலீட்டாளரும் வரமாட்டார். ஆகவே பட்டறைத் தொழில்களில் இங்கே போட்டி என்பதே உருவாகாது. உருவாகக்கூடிய போட்டி, நகரின் கடைத்தெருக்களில் மாடியறைகளை வாடகைக்கு எடுக்கும் கணினி, ஆங்கில, முகாமைத்துவ வகுப்புகளுக்கிடையில்தான். மாணவர்கள் அங்கே போகப் போகத் தலைக்கணக்கில் பட்டறைக்கு வரும் நிதி குறையும். நிதி குறைந்த பட்டறையில் முதலில் நிற்பது எலெக்ட்ரோட் வாங்குவது, அடுத்தது பழுதான இயந்திரத்தைத் திருத்துவது, கடைசியில் பயிற்றுநர் வேறு வேலை தேடிப் போவது. அப்படி ஒருமுறை மூடப்பட்ட பட்டறையை மீண்டும் திறப்பது எளிதல்ல. தமிழில் கற்பிக்கக்கூடிய, தொழிலும் தெரிந்த பயிற்றுநர் கிடைப்பது இப்போதே அரிதாக இருக்கிறது. மூதூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளி, திரியாய் போன்ற இடங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு விருப்பத் தெரிவு என்ற பேச்சுக்கே பொருள் குறைவு. பஸ் கட்டணமும் வீட்டுக்குத் திரும்பும் கடைசிப் பஸ்ஸின் நேரமுந்தான் அவர்கள் எங்கே படிப்பது என்பதைத் தீர்மானிக்கின்றன.

இதனால் அரச நிலையங்கள் இப்போது இருக்கும் நிலை சரியென்று ஆகிவிடாது. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு உருவாகியது. தொழிற்பயிற்சி அதிகாரசபை, தொழில்நுட்பக் கல்வி பயிற்சித் திணைக்களம், நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை என்று பயிற்றுவிக்கும் அமைப்புகள் பல. ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழில் தகைமை முறையும் நமக்கு இருக்கிறது. சட்டகம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் சென்ற ஆண்டு கொடுத்ததை ஒட்டியே இந்த ஆண்டும் நிதி ஒதுக்கப்படுவதால், நிரம்பி வழியும் நெறிக்கும் ஆளில்லாத நெறிக்கும் வேறுபாடு தெரிவதில்லை. வெற்றிடங்கள் நீண்ட காலம் நிரப்பப்படுவதில்லை. தொழிற்சாலை பயன்படுத்தும் இயந்திரத்துக்கும் நாங்கள் கற்பிக்கும் இயந்திரத்துக்கும் ஒரு தலைமுறை இடைவெளி இருப்பதும் உண்டு. சில தனியார் நிறுவனங்களும், தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பட்டறைகளும் எங்களைவிட நன்றாகக் கற்பிக்கின்றன என்பதை மதிப்பீட்டுக்காக அங்கே போகும்போதெல்லாம் நேரில் பார்க்கிறேன். அவர்களுக்கும் அரச நிதியில் பங்கு கிடைக்கத்தான் வேண்டும்.

ஆகவே சீர்திருத்தம் வேண்டும், ஆனால் அதன் வரிசை முக்கியம். முதலில் நிலையான செலவையும் மாறும் செலவையும் பிரிக்க வேண்டும். கட்டடம், இயந்திரம், பயிற்றுநர் சம்பளம் ஆகியவை பத்து மாணவர் வந்தாலும் பதினைந்து மாணவர் வந்தாலும் ஒன்றே; மாவட்டத்துக்கு இன்னின்ன பட்டறைகள் இருந்தே ஆக வேண்டும் என்று தீர்மானித்து, அவற்றுக்கான அடித்தள நிதியைப் போட்டிக்கு வெளியே வைக்க வேண்டும். அதற்குமேல் உள்ள தொகையை, அந்தந்தத் தொழிலைக் கற்பிக்க உண்மையில் ஆகும் செலவைக் கணக்கிட்டு, தரமுள்ள எவருக்கும் திறந்துவிடலாம். அந்தப் பணத்தையும் சேர்க்கையின்போதே முழுமையாகக் கொடுத்துவிடக் கூடாது. ஒரு பங்கைத் தொடக்கத்திலும், ஒரு பங்கைத் தேசிய தொழில் தகைமை மதிப்பீட்டில் மாணவர் தேறிய பின்னும், மீதியை அவர் வேலையில் அமர்ந்த பின்னும் கொடுக்கலாம். ஆனால் மதிப்பிடுபவர் பயிற்றுவித்த நிறுவனத்திடம் சம்பளமோ தயவோ பெறாதவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் தேறிவிடுவார்கள். பெறுபேற்றுக்குப் பணம் என்றவுடன் நிறுவனங்கள் தேறக்கூடிய பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுக்கும் என்ற ஆபத்தும் உண்டு. சாதாரண தரம் சித்தியடையாதவர், மாற்றுத்திறனாளி, பட்டறைத் தொழிலுக்கு வரும் பெண்பிள்ளை, தொலைதூரக் கிராமத்தவர் ஆகியோருக்காக நிறுவனத்துக்குக் கொடுக்கும் தொகையைக் கூட்டினால் மட்டுமே அதைத் தடுக்கலாம். தரகருக்கு இடமே கூடாது. சேர்க்கைக்குப் பரிசு கொடுப்பதற்கும் கூடாது. இந்த ஏற்பாடுகளையெல்லாம் கண்காணிக்க ஆணைக்குழுவுக்குப் போதிய ஆட்களைக் கொடுத்த பின்னரே நிதியைத் திறக்க வேண்டும். அவுஸ்திரேலியா கதவை முதலில் திறந்துவிட்டுக் காவலைப் பின்னர் தேடியது.

உங்கள் கேள்வியின் இறுதியில், தம்பிக்கு நகரில் ஒரு தனியார் நிறுவனம் தவணைக் கட்டணத்தில் டிப்ளோமா தருவதாகச் சொல்கிறது, சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முற்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விடயங்களைத் தனித்தனியாகச் சரிபாருங்கள்: நிறுவனம் ஆணைக்குழுவில் பதிவுசெய்யப்பட்டதா, தம்பி சேரப்போகும் அதே கற்கைநெறி அங்கீகாரம் பெற்றதா. பதிவு இருந்தும் அங்கீகாரம் இல்லாத நெறிகள் உண்டு. பதிவு இலக்கத்தை மட்டும் காட்டிச் சேர்ப்பவர்களும் இங்கே உண்டு. முடிவில் கிடைப்பது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழா, எத்தனையாம் மட்டம், மதிப்பீடு செய்யப்போவது யார் என்பதை எழுத்தில் கேளுங்கள். பிறகு ஒரு வேலைநாளில் தம்பியையும் அழைத்துக்கொண்டு போய், செய்முறை வகுப்பு நடக்கும் வேளையில் உள்ளே சென்று, ஓர் இயந்திரத்துக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.