சாவு உறுதி என்றால் அறத்தோடு ஏன் வாழ வேண்டும்?
எப்படியும் இறக்கப்போகிறோம் என்றால் நல்லவராக வாழ்வதில் என்ன பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். காலம் முடிவற்றது என்றால் எந்த உதவியையும் நாளைக்குத் தள்ளிவிடலாம்; முடிவு இருப்பதால்தான் இன்று பசித்தவருக்கு இன்றே சோறிட வேண்டியிருக்கிறது. செட்டிநாட்டிலிருந்து கொண்டுவிற்க, அதாவது வெளியிடங்களுக்கு வணிகம் செய்யப் போனவர்கள் வருவாயில் ஒரு பங்கை மகமையாக, அதாவது அறப்பணிக்கான தொகையாக ஒதுக்கி, தாம் தங்கப்போகாத சத்திரங்களையும், பேரர் காலத்திலும் ஊரார் நீர் மொள்ளும் ஊருணிகளையும் அமைத்தார்கள். 1909இல் கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, ஐம்பது வயதைத் தொடாமலே 1957இல் மறைந்தார். அவரது இறப்பு அக்கொடையைப் பொருளற்றதாக்கவில்லை. அதன் பயன் தொடக்கத்திலிருந்தே பிறரைச் சேர்ந்ததாகத்தான் இருந்தது. புகழுக்காகக் கொடுத்தவர்களும் உண்டு என்பீர்கள். உண்மைதான், அதற்காக ஊருணித் தண்ணீர் கரிக்கவில்லை.