‘ஏன் பேக்கு’ என்றால் திட்டு இல்லை, தம்பி

விருதுநகரிலிருந்து அடுத்த மாதம் பெங்களூருக்குக் குடி வரப்போகும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: மனைவி, எட்டு மாதக் குழந்தை, அம்மா எல்லோரும் வருகிறோம், எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம், வண்டியைக் கொண்டுவரலாமா, காவிரிப் பிரச்சினை வந்தால் பயப்பட வேண்டுமா, கன்னடம் தெரியாமல் கவர்மெண்ட் ஆபீஸ்களில் சமாளிக்க முடியுமா, அங்கே நம்மை மனுஷனாக மதித்துப் பேசுவார்களா?

வீட்டைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் அஞ்சுக்குப் பேசுங்கள், அவ்வளவுதான் என் சரக்கு. வண்டி ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே ஓடுமென்றால் உங்கள் ஊர் ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். பழைய வண்டி என்றால் விற்றுவிட்டு வாருங்கள். காவிரிக்கு 2016 செப்டம்பரில் ஊரே பற்றி எரிந்தபோது நாங்கள் இரண்டு நாள் வெளியே தலை காட்டவில்லை. அந்த இரண்டு நாளும் பால் வாங்கிக் கொடுத்தது எதிர்வீட்டு கவுடம்மா. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

கடைசிக் கேள்விதான் தூக்கத்தைக் கெடுத்தது. மனுஷனாக மதித்துப் பேசுவார்களா என்று கேட்டீர்களே, அது.

நான் 1996-ல் கல்யாணமாகி தர்மபுரிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவள். ஸ்ரீராமபுரத்தில் ஒற்றை அறை, பொதுக் குழாய். வீட்டுக்காரருக்குப் பீன்யாவில் லேத் வேலை. காலையில் ஆறரைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் முகம் பார்க்கலாம். அதனால் ஆபீஸ் வேலையெல்லாம் என் தலையில். 1998-ல் மகள் பிறந்தாள். கயல்விழி என்று பெயர் வைத்தோம். பிறப்பைப் பதிந்தபோது பெயர் போடவில்லை, பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் முதல் முறை ஒரு ஆபீஸில் போய் நின்றேன்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார்: "ஏன் பேக்கு?"

எனக்கு முகமெல்லாம் சுருங்கிவிட்டது. எடுத்த எடுப்பில் ‘ஏன், பேக்கு’ என்று திட்டுகிறாரே என்று நினைத்தேன். ‘என்ன வேண்டும்’ என்பதைத்தான் கன்னடத்தில் அப்படிக் கேட்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து அழுத பிறகு எதிர்வீட்டம்மா சொல்லித்தான் தெரிந்தது. இப்போது சொல்லிச் சிரிக்கலாம். அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. அவர் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் அது திட்டு இல்லை என்று கன்னடம் தெரியாத எனக்கே புரிந்திருக்கும்.

மறுநாள் போனேன். ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை, "நாளே பா", அதாவது நாளைக்கு வா. சீட்டோடு போனேன். அப்பா கையெழுத்து இல்லை, "நாளே பா". கையெழுத்தோடு போனேன். அன்றைக்கு அவர் லீவு. அப்போதெல்லாம் இந்த ஊர்ப்பக்கம் ஒரு பேய்க்கதை உண்டு. ராத்திரியில் ஒரு பேய் வந்து, தெரிந்தவர் குரலில் கூப்பிட்டுக் கதவைத் தட்டுமாம். வாசலில் ‘நாளே பா’ என்று எழுதி வைத்தால், நாளைக்கு வரலாம் என்று போய்விடுமாம். தினமும் வரும், தினமும் படித்துவிட்டுப் போகும். அந்தப் பேய் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு பரிதாபம் உண்டு.

நாலாவது தடவை வாசலில் ஒருவர் பிடித்துக்கொண்டார். அழகான தமிழ். "தங்கச்சி எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "அட, நம்ம பக்கம்!" முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். வீட்டுக்காரருக்கு அப்போது மாசச் சம்பளமே இரண்டாயிரத்து ஐந்நூறு. ஒரு வாரத்தில் சான்றிதழ் கையில் கொடுத்தார். இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிப் பார்க்கிறேன், ‘கயல்விலி’ என்று இருக்கிறது. அவரைத் தேடிப் போனால் ஆளே மாறிவிட்டார். "இதுக்கெல்லாம் அலட்டிக்காதே தங்கச்சி, பேரு ஏதோ ஒண்ணு இருக்கே."

அதனால் முதல் எச்சரிக்கை: தமிழ் பேசுகிறான் என்பதற்காக மட்டும் ஒருவனை நம்பாதீர்கள். இந்த ஊரில் என்னை ஏமாற்றியவர்களில் முக்கால்வாசிப் பேர் நம்ம ஆட்கள்தான். கன்னடக்காரன் ஏமாற்ற வேண்டுமென்றால் முதலில் எனக்குப் புரிகிற மாதிரி பேசியாக வேண்டுமே!

பெயரைத் திருத்தப் போனபோதுதான் அந்த அம்மா. வேறொரு மேஜை, ஐம்பது வயது இருக்கும், கனகாம்பரம் வைத்திருந்தார். குழந்தை வியர்த்து அழுதுகொண்டிருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து, மேஜை விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, "கூத்கொள்ளி" என்று நாற்காலியைக் காட்டினார். ஆபீஸில் எனக்கு முதல்முதலாகக் கிடைத்த நாற்காலி. தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, பின்பக்கம் வரிசையாக நாலு எழுதினார்: விண்ணப்பம், நோட்டரி பிரமாணப் பத்திரம், ஆஸ்பத்திரிக் கடிதம், அப்பா அம்மா அடையாளச் சான்று. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தார், நான் பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன். கடைசியில் கோடு போட்டு, "இதிஷ்டே. பேரே ஏனூ பேடா" என்றார். இவ்வளவுதான், வேறெதுவும் வேண்டாம். அந்தக் கோட்டுக்கு அப்புறம் நிஜமாகவே வேறெதுவும் கேட்கவில்லை. ஒரே தடவையில் முடிந்தது.

பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். பேனாவை வாங்கி, மீன் ஒன்றை வரைந்து, கண்ணைத் தொட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டார். எங்கள் ழகரம் பழைய கன்னடத்திலும் இருந்தது, இப்போது வழக்கில் இல்லை, கன்னடத்தில் ளகரம்தான் போட முடியும், இங்கிலீஷில் சரியாகப் போட்டுத் தருகிறேன் என்றார். அப்படித்தான் என் மகள் இங்கிலீஷில் கயல்விழி, கன்னடத்தில் கயல்விளி.

உங்கள் குழந்தைக்கு எட்டு மாதம் என்கிறீர்கள். பெயர் பதிந்தாயிற்றா? பதிந்த நாளிலிருந்து ஒரு வருஷம் வரை கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், பிறகு தாமதக் கட்டணத்தோடு பதினைந்து வருஷம் வரை. ஆனால் பிறப்பைப் பதிந்த இடத்தில்தான் எதையும் செய்ய முடியும். இங்கே வந்துவிட்டு ஒவ்வொரு திருத்தத்துக்கும் விருதுநகருக்கு பஸ் ஏறாதீர்கள். எழுத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்புறம் இனிஷியல். நமக்கு அது அப்பா பெயரின் முதலெழுத்து, இங்கே ஃபாரத்தில் சர்நேம் கேட்பார்கள். ஒருவர் முன்னால் போடுவார், ஒருவர் பின்னால் போடுவார், பாஸ்போர்ட்டில் இனிஷியலே கூடாது, விரித்து எழுத வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

இப்போது நிலைமை ரொம்ப மாறிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். 2005-ல் பெங்களூர் ஒன் மையங்கள் வந்தன. கரண்ட் பில்லுக்கு ஒரு வரிசை, தண்ணீர் பில்லுக்கு ஒரு வரிசை என்று நின்ற காலம் போயிற்று. 2011-ல் சேவை உத்தரவாதச் சட்டம் போட்டு, 2012 ஏப்ரலில் ‘சகாலா’ என்று தொடங்கினார்கள். இன்ன வேலைக்கு இத்தனை நாள் என்று கணக்கு. மனு கொடுத்ததும் பதினைந்து இலக்க எண் ஒன்று தருவார்கள். தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய், பொறுப்பான ஆளின் சம்பளத்திலிருந்து பிடித்துத் தரச் சட்டம் இருக்கிறது. அதன் விளம்பர வாசகமே ‘இந்து நாளே இன்னில்லா, ஹேளித தின தப்பொல்லா’. இன்று நாளை என்பது இனி இல்லை, சொன்ன நாள் தவறாது. படித்ததும் எனக்குப் பேய்தான் ஞாபகம் வந்தது. மகள் பி.யூ.சி. (நம்ம ஊர் பிளஸ் ஒன், பிளஸ் டூ) சேர்ந்தபோது வருமானச் சான்றுக்கு நாடகச்சேரிக்குப் போனோம் (அதுதான் அந்த வருவாய்த் துறை ஆபீஸின் பெயர், நாடகம் கச்சேரி இரண்டும் உண்டோ என்று நீங்களும் நினைப்பீர்கள்). சொன்ன நாளில் கையில் வந்தது. அந்த எண் இல்லாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

ஆனால் எண்ணும் தேதியும் கொடுக்கிற சட்டத்தால் விசிறியைத் திருப்பச் சொல்ல முடியாதே, தம்பி. என் மாமியார் விஷயத்தில் பார்த்தேன். நாற்பது வருஷம் ஊதுபத்தி உருட்டிய கை. ரேஷன் கடையில் விரல் வைக்கிற மெஷின் வந்தபோது ரேகையே விழவில்லை, தேய்ந்து வழவழவென்று இருந்தது. மெஷின் மூன்று தடவை பீப் அடித்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. மாமியார் ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டே நின்றார். அந்தக் கடைக்காரர், தராசுக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஈரத்துணியில் அவர் விரலைத் துடைத்து, தன் கையாலேயே மெதுவாக அழுத்திப் பிடித்தார். ஒவ்வொரு விரலாக. இடது மோதிர விரலில் விழுந்தது. "அஜ்ஜி, அடுத்த மாதம் நேரா இந்த விரலையே வைங்க" என்றார் கன்னடத்தில். மாமியார் சாகும்வரை அந்த விரலில் எண்ணெய்கூடப் படாமல் பார்த்துக்கொண்டார்.

உங்கள் அம்மா பெயர் இருக்கிற கார்டு முன்னுரிமைக் கார்டா என்று முதலில் பாருங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் என்பது அந்தக் கார்டுக்குத்தான் வேறு மாநிலத்தில் செல்லும். நம்ம ஊரில் எல்லோருக்கும் அரிசி கிடைக்கிற பழக்கத்தில் சாதாரண கார்டைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து சண்டை போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மகள் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி, படித்தபோது ஒன்று சொன்னாள். இந்த ஊரில் பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர் என்ற அமைப்பைத் தொடங்கிய சாமுவேல் பால், நான் இங்கே வருவதற்கு முன்பே, 1993 வாக்கில், ஜனங்களிடமே போய்க் கேட்டு ஆபீஸ்களுக்கு மார்க் போட்டாராம், பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு மாதிரி. ஊழியர் எப்படிப் பேசினார், எத்தனை தடவை அலைந்தீர்கள், லஞ்சம் கேட்டார்களா என்றெல்லாம் கேள்வி. முதல் தடவை பரிதாபமான மார்க். 1999-ல் கொஞ்சம் தேறினார்களாம், 2003-ல் நன்றாகவே ஏறியதாம். எங்கள் தெருவுக்கு யாரும் கேட்க வரவில்லை. வந்திருந்தால் கனகாம்பரம் வைத்த அம்மாவுக்கு நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன், ஜன்னல்காரரின் மார்க்கை இங்கே எழுத வேண்டாம்.

கன்னடம் தெரியாமல் சமாளிக்கலாமா? கவுண்டரில் பாதிப் பேருக்குத் தமிழ் புரியும். ஆனாலும் பத்து வாக்கியம் கற்றுக்கொண்டு போங்கள். பத்து வருஷமாக ஒயிட்ஃபீல்டில் இருந்துகொண்டு ‘கன்னடா கொத்தில்லா’ (கன்னடம் தெரியாது) மட்டும் தெரிந்த பிள்ளைகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அப்புறம் ஆபீஸில் மரியாதை இல்லை என்று அவர்களே வீடியோ போடுவார்கள். நான் எழுத்துக் கற்றது பஸ்ஸில். அப்போது நகரப் பஸ்ஸுக்கு பி.டி.எஸ். என்று பெயர், எண்கூடக் கன்னடத்தில்தான் இருக்கும். எண்ணிலிருந்து ஊர்ப்பெயர், ஊர்ப்பெயரிலிருந்து கடைப்பலகை. ஒருநாள் மெஜஸ்டிக்கிலிருந்து சிவாஜிநகர் போகிறபோது சட்டசபைக் கட்டடமான விதான சௌதா முகப்பில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்தேன்: ‘சர்க்காரத கெலச தேவர கெலச’. அரசாங்க வேலை ஆண்டவன் வேலை. தரிசனத்துக்கு ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று அன்றைக்குப் புரிந்தது! இப்போது காய்கறிக்காரி என்னை மண்டியா பக்கமா என்று கேட்கிறாள். நான் மறுப்பதில்லை.

ஆபீஸுக்குப் பத்தரைக்குப் போங்கள், இரண்டாம் நாலாம் சனிக்கிழமை போகாதீர்கள். போனதும் "நமஸ்காரா, ஊட்டா ஆய்த்தா?" என்று கேளுங்கள், சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். அவரும் காலையிலிருந்து நூறு பேரிடம் பேசிய மனுஷன்தான். என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு, அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதியதும் கீழே நீங்களே ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

கயல்விழிக்குப் போன வருஷம் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலேயே பெயரோடு பதிந்தாள், மூன்று மொழியிலும் எழுதிப் பார்த்து வைத்திருந்தாள். மீனா. ழகரம் வருகிற பெயர் நாலைந்து நான் சொன்னேன். "போதும்மா, நீ நின்ன வரிசை" என்றாள்.