காலையில் செல்ஃப் அடித்தும் கிளம்பாத பிக்கப்: முதலில் புகையைப் பாருங்கள்

கேள்வி: 2018 மாடல் பொலேரோ பிக்கப் வைத்திருக்கிறேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு ஓடுகிறது. கொஞ்ச நாளாகக் காலையில் முதல் ஸ்டார்ட் பெரும்பாடாக இருக்கிறது. ஐந்தாறு முறை செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது. கிளம்பிவிட்டால் அன்று முழுக்கத் தொந்தரவு இல்லை. சூட்டில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது. மலையடிவாரத் தோட்டத்தில் முன்பக்கம் மேட்டைப் பார்த்து நிறுத்தினால் மறுநாள் இன்னும் மோசம். மெக்கானிக் நான்கு இன்ஜெக்டரும் போய்விட்டது என்கிறார். மாற்றலாமா? பேட்டரியும் டீசல் ஃபில்டரும் சமீபத்தில்தான் புதிதாகப் போட்டேன்.

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் எதுவும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைக் காட்டிக்கொடுக்கவில்லை. இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்து, மிச்ச டீசல் திரும்பிப் போகிற ரிட்டர்ன் லைனில் டீசலை அதிகமாக விட ஆரம்பித்தால், அது பெரும்பாலும் சூட்டில்தான் முதலில் தெரியும். சூடான டீசல் நீர்த்துவிடும், தேய்ந்த இடுக்கு வழியாகச் சுலபமாக நழுவிவிடும், இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தத்தோடு தேக்கிக் கொடுக்கிற ரெயில் குழாயில் பிரஷர் ஏறாது. அப்படிப்பட்ட வண்டி காலையில் ஒழுங்காகக் கிளம்பும். நடுவழியில் டீ குடிக்க நிறுத்தினால் மக்கர் பண்ணும். உங்களுடையது அதற்கு நேர்மாறு.

நாளைக் காலையில் வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் சைலன்சர் பக்கம் போய் நில்லுங்கள். எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை. பச்சை டீசல் வாடையோடு, கண்ணைக் கரிக்கிற வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. இரண்டும் வேறு வேறு கோளாறுகள், தேட வேண்டிய இடமும் வேறு. காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமலேயே இன்ஜெக்டர், பம்ப் என்று பேசுகிறவர்கள் எத்தனையோ பேர்.

முதல் மூன்று நான்கு முறை உங்கள் வண்டியில் புகை வராது என்பது என் கணிப்பு. காரணம், அந்த மேட்டு விஷயம். டீசல் டேங்க் எஞ்சினுக்குப் பின்னால், தாழ்வாக இருக்கிறது. முன்பக்கம் மேட்டில் ஏறி நின்றால் எஞ்சினுக்கும் டேங்குக்கும் உயர வித்தியாசம் இன்னும் கூடும். டீசல் லைனில் எங்காவது காற்று நுழைய ஒரு சின்ன வழி இருந்தால் போதும், ராத்திரி முழுக்க டீசல் மெல்லப் பின்வாங்கி டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் பம்ப் காற்றைத்தான் இழுக்கிறது. ஐந்தாறு முறை செல்ஃப் அடிக்கிறபோது அந்தக் காற்று தீர்ந்து, டீசல் வந்து சேர்ந்ததும் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. ஊரில் "ஏர் பிடிச்சிருக்கு" என்று சொல்வது இதைத்தான்.

உறுதி செய்துகொள்ள இன்னொரு சோதனை. ஃபில்டர் தலையிலோ, அதற்கு வரும் ஹோஸிலோ கையால் அழுத்தும் பிரைமர் பம்ப் இருக்கும். காலையில் சாவியைத் தொடுவதற்கு முன்பே அதை அழுத்திப் பாருங்கள். முதலில் தொளதொளவென்று போய், பல தடவை அழுத்திய பிறகு கல் மாதிரி இறுகினால், ராத்திரி லைன் காலியாகியிருக்கிறது. இறுகியதும் செல்ஃப் அடியுங்கள். ஒரே அடியில் கிளம்பினால் கேள்விக்கே இடமில்லை, காற்றுதான். முதல் அழுத்திலேயே பம்ப் இறுக்கமாக இருந்தால் என் கணிப்பு தவறு. கீழே, குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கிக் கொடுக்கிற ஹீட்டர் பிளக் பற்றிச் சொல்லியிருக்கும் இடத்துக்குப் போங்கள்.

சரி, காற்று எங்கே நுழைகிறது? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லையே என்பார்கள். இந்த மாதிரி வண்டியில் டேங்கிலிருந்து ஹை பிரஷர் பம்ப் வரைக்கும் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சுகிற பைப்பில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் தரையில் ஈரத்தைத் தேடிப் பிரயோஜனமில்லை.

நான் முதலில் சந்தேகப்படுவது, கடைசி வரியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் புது ஃபில்டரைத்தான். தொந்தரவு ஆரம்பித்தது ஃபில்டர் மாற்றுவதற்கு முன்பா, பின்பா என்று யோசித்துப் பாருங்கள். பழைய ரப்பர் ரிங் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதிய ஃபில்டரை முறுக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் சென்சார் அல்லது வடிக்கிற திருகு இருக்கும். அதைப் பழைய ஃபில்டரிலிருந்து கழற்றிப் புதியதில் போடும்போது, நசுங்கிப்போன ஓ-ரிங்கையே திரும்பப் போட்டுவிடுவார்கள். மலிவு விலை ஃபில்டர் என்றால் ரிங்கே சரியாக உட்காராது. எனவே ஃபில்டரைக் கழற்றி, விளிம்பைத் துடைத்து, புதிய ரிங்கில் லேசாக டீசல் தடவி மாட்டச் சொல்லுங்கள். புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி மாட்டுகிற பழைய பழக்கம் வேண்டாம். உங்களுடையது மாதிரி, நான்கு இன்ஜெக்டருக்கும் ஒரே ரெயில் இருக்கும் காமன் ரெயில் வண்டியில், வடிகட்டாத அந்த டீசல் நேராகப் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போய்விடக்கூடும். காலியாக மாட்டிவிட்டு, கைப் பம்பை அழுத்தி நிரப்புவதுதான் சரி.

ஃபில்டர் சரியாக இருந்தால் அடுத்தது ரப்பர் ஹோஸ்கள். வளைவுகளிலும் கிளிப்புக்குக் கீழேயும் விரலால் மடக்கிப் பார்த்தால் பொடி வெடிப்பு தெரியும். தோட்டத்துக் கொட்டகையில் நிற்கிற வண்டி என்றால் எலி கடித்த தடத்தையும் தேடுங்கள். எதுவும் கண்ணில் படவில்லையென்றால், ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு அடி நீளத்துக்குக் கண்ணாடி மாதிரித் தெரிகிற ஹோஸைத் தற்காலிகமாக மாட்டி, எஞ்சினை ஐடிலில் ஓட விடுங்கள். குமிழி ஓடினால் காற்று ஃபில்டரிலோ அதற்கு முன்னாலோ நுழைகிறது. அப்புறம் அதே ஹோஸை ஃபில்டருக்கு முன்னால் மாற்றி மாட்டுங்கள். அங்கே குமிழி இல்லையென்றால் ஃபில்டர்தான் குற்றவாளி. அங்கேயும் ஓடினால் டேங்க் பக்கம் போக வேண்டும். சோதனை முடிந்ததும் அந்த ஹோஸைக் கழற்றிவிடுங்கள், எஞ்சின் சூட்டுக்கு அது தாங்காது.

இதைத் தள்ளிப்போடவும் கூடாது. ஹை பிரஷர் பம்புக்கு உள்ளே ஆயில் கிடையாது, அதில் ஓடுகிற டீசல்தான் அதற்கு மசகு. தினமும் காற்றில் சுற்றினால் பம்ப் தேயும், தேய்ந்த இரும்புத்தூள் ரெயில் வழியாக இன்ஜெக்டருக்குப் போகும். அப்போது உங்கள் மெக்கானிக் சொன்னது உண்மையாகிவிடும்.

வெள்ளைப் புகை வந்தால் என்ன செய்வது? ஹீட்டர் பிளக்கின் ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கிலும் மறு முனையை எஞ்சின் பாடியிலும் வையுங்கள். ஓரிரு ஓம் காட்டினால் பிளக் உயிரோடு இருக்கிறது. மீட்டர் அசையாவிட்டால் போய்விட்டது. நான்கும் நன்றாக இருந்தால், அவற்றுக்குக் கரண்ட் அனுப்புகிற ரிலேயைப் பாருங்கள். சமவெளியில் ஒன்றிரண்டு ஹீட்டர் பிளக் செத்தாலும் வண்டி சமாளித்துவிடும், மார்கழிக் குளிரில் மலைப்பக்கம்தான் வேலையைக் காட்டும். பேட்டரி புதிது என்பதால் அதை விட்டுவிடலாம், ஆனால் எர்த் ஒயர் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், சிலிண்டருக்குள் காற்று அமுங்குகிற கம்ப்ரஷனில் போதுமான சூடு வராது. இவையெல்லாம் சரியாக இருந்தும் புகை நிற்கவில்லையென்றால்தான் கம்ப்ரஷன் டெஸ்ட்.

இரண்டு விஷயங்களைச் செய்யவே கூடாது. ஏர் கிளீனரைத் திறந்து பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டி ஸ்டார்ட் செய்வது ஒன்று. ஹீட்டர் பிளக் கனன்று கொண்டிருக்கும்போது அந்த ஆவி குபீரென்று பற்றினால் கை வெந்துவிடும், பிஸ்டனும் உடையலாம். இரண்டாவது, ஏர் எடுக்கிறேன் என்று இன்ஜெக்டருக்குப் போகிற இரும்புக் குழாயின் நட்டை ஓடுகிற எஞ்சினில் தளர்த்துவது. பழைய பம்ப் வண்டிகளில் இது சகஜமாக நடக்கும். காமன் ரெயிலில் பிரஷர் ஆயிரம் பாருக்கு மேலும், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் ஆயிரம் மடங்குக்கு மேலும் போகும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போனால் வெளியே ஊசி குத்திய அளவுக்குத்தான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மெக்கானிக் இன்ஜெக்டர்தான் என்று நின்றால், இரண்டு சோதனைகளை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். பொதுவாக 200 பார் பக்கம் வந்தால்தான் இன்ஜெக்டர் திறக்கும். அடுத்து, நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் நான்கு பாட்டிலில் பிடிக்க வேண்டும். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைவிட வெகு வேகமாக நிறைந்தால் அந்த ஒன்றை மட்டும் டீசல் பம்ப் கடைக்குக் கொண்டுபோய்ச் சோதியுங்கள். திரும்ப மாட்டும்போது அடியில் இருக்கும் செம்பு வாஷர் புதிதாக இருக்கட்டும். புது இன்ஜெக்டர் போட நேர்ந்தால், அதன் தலையில் பொறித்திருக்கும் நம்பரை ஸ்கேனர் வழியாக வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.